ரிட்ரீட்டில் ‘ஸ்வெட் லாட்ஜ்’ தூய்மைச் சடங்கு: போகலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தாமரைக்குளம் | செப்டம்பர் 8, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கிறேன். அலுவலகத் தோழிகள் நாலு பேரோடு சேர்ந்து பென்சில்வேனியாவில் ஒரு காட்டு ரிட்ரீட்டுக்குப் பதிவு செய்திருக்கிறோம். 19ஆம் தேதி வெள்ளி மாலை போய் ஞாயிறு மதியம் திரும்புவது. மரவீடு, பக்கத்திலேயே ஓடை, காட்டு நடை, தியானம், சைவச் சாப்பாடு. அதிலெல்லாம் எனக்குக் கேள்வி இல்லை.

சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு ‘புனித வெளியில் தூய்மைச் சடங்கு’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஸ்வெட் லாட்ஜ். அமெரிக்கப் பூர்வகுடிகளின் வழக்கம் என்று போட்டிருக்கிறது. ஒரு சிறு குடிலுக்குள் பழுக்கக் காய்ச்சிய கல்லைக் கொண்டுவந்து வைத்து, தண்ணீர் ஊற்றி, அந்த ஆவியில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்வது. இதற்குத் தனியாக 180 டாலர். மதியத்துக்கு மேல் சாப்பிடக் கூடாது, உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது, என்ன நடந்தாலும் அவர்கள் பொறுப்பில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும்.

நான் ஏன் இதைப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறேன் என்றால், அப்பா போன வருடம் ஆடியில் தவறிவிட்டார். விசா சிக்கலில் என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. தம்பி வீடியோவில் காட்டினான். சுடுகாட்டு வாசலோடு சிக்னல் போய்விட்டது. காரியம் முடிந்து அங்கே எல்லாரும் ஆற்றில் முழுகி எழுந்தார்கள். நான் இங்கே ஷவரில் நின்றுவிட்டு எட்டரை மணி மீட்டிங்கில் உட்கார்ந்தேன். இந்த வருடம் தலைத்திவசத்துக்கும் போக முடியவில்லை. இன்னும் தலைமுழுகாத மாதிரியே இருக்கிறது. அதனால்தான் ‘தூய்மைச் சடங்கு’ என்ற சொல்லைப் பார்த்ததும் மனம் அங்கேயே நின்றுவிட்டது.

மூன்று கேள்விகள். எனக்கு பிபி மாத்திரை உண்டு, இது ஆபத்தா? தாலிச் சங்கிலியைக் கழற்றத்தான் வேண்டுமா? இன்னொருவர் வழிபாட்டில் நாம் போய் உட்காருவது சரியா?

---

இரவுப்பணி | செப்டம்பர் 8, இரவு 11:40

அப்பாவுக்கு என் அஞ்சலி, தங்கச்சி. நான் ஃபீனிக்ஸில் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெப்பத்தால் விழுந்தவர்களைத் தினமும் பார்க்கிறேன். அதனால் முதல் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

நம் உடம்பு குளிர்வது வியர்வை வருவதால் இல்லை, வந்த வியர்வை உலர்வதால். ஆவி நிறைந்த மூடிய குடிலில் அது உலராது. சும்மா வழிந்து ஓடும். நீரும் உப்பும் போகும், சூடு மட்டும் இறங்காது. உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மூளை தடுமாற ஆரம்பிக்கும். பேச்சு குழறும், எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. அந்த நிலைக்குப் போனவரால் ‘எனக்கு முடியவில்லை, வெளியே போகிறேன்’ என்று முடிவெடுக்கவும் முடியாது. இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள். பக்கத்தில் இருப்பவர்தான் கவனித்துத் தூக்க வேண்டும். தூக்கியதும் முதல் வேலை குளிர்விப்பது. குளிர்ந்த நீரில் உடம்பை அமிழ்த்த வேண்டும், இல்லையென்றால் நனைத்து விசிற வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா காத்திருக்கக் கூடாது.

உன் மாத்திரை எது? நீர் பிரியச் செய்யும் வகை என்றால் ஏற்கெனவே உடம்பில் நீர் குறைவு. வேறு சில வகைகள் இதயத் துடிப்பைக் கூடவிடாமல் பிடித்துக்கொள்ளும், சூட்டைத் தாங்க அது கூட வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் போகாதே. மதியத்திலிருந்து சாப்பிடக் கூடாது என்கிறார்களே, தண்ணீராவது குடிக்கச் சொல்கிறார்களா?

தாலிச் சங்கிலி: கழற்றத்தான் வேண்டும். தங்கம் சூட்டைச் சட்டென்று வாங்கித் தோலுக்குக் கொடுக்கும், கழுத்தில் வட்டமாகக் கொப்புளம் வரும். மனசு கேட்கவில்லை என்றால் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள். 2009 அக்டோபர் 8, எங்கள் மாநிலத்தில் செடோனா பக்கம். ஜேம்ஸ் ஆர்தர் ரே என்ற சுயமுன்னேற்றப் பேச்சாளர் ஐந்து நாள் ரிட்ரீட் நடத்தினார். ஆளுக்கு 9,000 டாலருக்கு மேல். பாலைவனத்தில் 36 மணி நேரம் சோறு தண்ணீர் இல்லாமல் தனியே இருக்க வைத்து, அதன் பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தார்ப்பாய் போர்த்திய ஒரே குடிலுக்குள் உட்கார வைத்தார். இருவர் அன்றே இறந்தார்கள், இன்னொருவர் ஒன்பது நாள் கழித்து. பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். 2011 ஜூனில் மூன்று மரணங்களுக்கும் அவருடைய கவனக்குறைவே காரணம் என்று ஜூரி தீர்ப்பளித்தது. நவம்பரில் இரண்டு ஆண்டு சிறை.

எல்லா இடமும் அப்படி என்று சொல்லவில்லை. எத்தனை பேர், போர்த்தியிருப்பது என்ன, நடுவில் எழுந்து போகலாமா என்று கேட்டுவிட்டுப் போ என்கிறேன்.

---

வடக்குக்காற்று | செப்டம்பர் 9, காலை 6:55

மூன்றாவது கேள்விக்கு நான் முயன்று பார்க்கிறேன். கொஞ்சம் நீளும்.

பதினோரு வருடமாக சவுத் டகோட்டாவின் மேற்கே இருக்கிறேன். மருத்துவமனையில் மருந்தாளுநர். என்னோடு வேலை செய்யும், லக்கோட்டா என்ற பூர்வகுடியைச் சேர்ந்த ஒரு அக்கா, நாலு வருடப் பழக்கத்துக்குப் பிறகு, தன் மாமா வீட்டு இனிபிக்கு என்னை அழைத்தார். அவர்கள் மொழியில் ஸ்வெட் லாட்ஜுக்கு இனிபி என்று பெயர். நானாகக் கேட்டதில்லை. ஊரில் என் அம்மாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்த வாரம் அது. நான் சரியாகச் சாப்பிடாமல் திரிவதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

“ஒரு பொட்டலம் புகையிலை வாங்கி மாமா கையில் கொடு” என்றார். நம் வீட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்பது போலத்தான். அதை வாங்கிக்கொண்டால் உனக்காக நடத்த ஒப்புக்கொண்டார் என்று பொருள். பணம் என்ற பேச்சே வரவில்லை. முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள், அதற்கு ஏதாவது கொண்டு வா என்றார். பெரிய அலுமினியத் தட்டில் எலுமிச்சைச் சாதம் கிளறிக்கொண்டு போனேன்.

வீட்டுக்குப் பின்னால் புல்வெளி. வில்லோ மரத்தின் இளங்கொம்புகளை மண்ணில் ஊன்றி, வளைத்து, தலைப்பில் சேர்த்துக் கட்டிய கவிழ்த்த கூடை மாதிரி ஒரு குடில். என் இடுப்புக்கு மேல் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் காட்டெருமைத் தோல் போர்த்துவார்களாம், இப்போது கான்வாஸும் பழைய கம்பளிகளும். உள்ளே நட்டநடுவில் ஒரு குழி. அந்தக் குழியிலிருந்து எடுத்த மண்ணைத் தூக்கி எறியவில்லை, வாசலுக்கு முன்னால் சிறு மேடாகக் குவித்திருந்தார்கள். அதுதான் பீடம். அதற்கும் அப்பால் நெருப்பு. நெருப்புக்கும் பீடத்துக்கும் வாசலுக்கும் நடுவே நான் குறுக்காக நடக்கப் போனபோது ஒரு சின்னப் பெண் என் சட்டையைப் பிடித்து இழுத்துச் சுற்றி வரச் சொன்னாள். நம் கோயிலில் நந்திக்கும் சாமிக்கும் குறுக்கே போகக் கூடாது என்பார்கள் இல்லையா, அது நினைவுக்கு வந்தது.

கல்லைக் கல் என்று சொல்லவில்லை. தாத்தா என்றுதான் சொன்னார்கள். நெருப்பைக் காத்தது மாமாவின் பேரன், பதினேழு வயது இருக்கும். பிற்பகலிலிருந்து அவன் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. ஒவ்வொரு கல்லாகக் கவைக்கோலில் ஏந்தி, ஒட்டிய சாம்பலை இலைக்கொத்தால் தட்டிவிட்டு, உள்ளே நீட்டினான். உலைக்களத்து இரும்பு மாதிரி சிவந்திருந்தது. ஈரம் புகுந்த ஆற்றுக்கல் சூட்டில் வெடித்துச் சிதறும், எந்தக் கல்லை எடுப்பது என்று தெரிந்தவர்தான் எடுக்க வேண்டும் என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கல் மேல் சீடர் என்ற மரத்தின் இலையைத் தூவியதும் பொறி பறந்து ஒரு மணம் எழுந்தது. சாம்பிராணி போட்ட பூசையறை மணம் இல்லை, ஆனால் அதே மாதிரி நெஞ்சுக்குள் போய் உட்காரும் மணம்.

முழங்காலிட்டுத் தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். போகும்போது ‘மிடாகுயே ஓயாசின்’ என்று சொல்ல வேண்டும். எல்லாரும் என் உறவு என்று அர்த்தம். மனிதரை மட்டும் சொல்லவில்லை. கல், மரம், எருமை, எல்லாம் அதில் சேர்த்தி.

நாலு சுற்று. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கதவைத் திறப்பார்கள். இரண்டாவது சுற்றில் எனக்கு மூச்சு முட்டியது. சொன்னேன். அந்த நொடியே கதவு திறந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. மாமா, “முகத்தைத் தரையில் வைத்துப் படு, மண் குளிர்ந்திருக்கும்” என்றார். படுத்தேன். கீழே பரப்பியிருந்த சேஜ் என்ற மூலிகை இலையின் ஈரம் கன்னத்தில் பட்டது. அந்தக் குளிர்ச்சி இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

உள்ளே யார் என்ன சொல்லி வேண்டினார்கள் என்பதை எழுத மாட்டேன். அது அவர்களுடையது. என் அம்மாவின் பெயரை லக்கோட்டா மொழிக்கு நடுவே ஒரு கிழவர் குரலில் கேட்டேன் என்று மட்டும் சொல்கிறேன்.

இதைச் சொன்னதற்குக் காரணம் உண்டு, சகோதரி. அந்தக் குடிலை மட்டும் படம் பிடித்துக் காட்டினால் குச்சியும் போர்வையும்தான் தெரியும். யார் வேண்டுமானாலும் ஒரு மதியத்தில் கட்டிவிடலாம். நான் மூச்சு முட்டுகிறது என்று சொன்னபோது கதவு திறந்ததற்குக் காரணம் அந்தக் கிழவர். அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், தவறு நடந்தால் அவரைக் கேட்க ஒரு ஊரே இருக்கிறது. உங்கள் ரிட்ரீட்டில் தண்ணீர் ஊற்றப் போகிறவர் யார், யாரிடம் கற்றார், யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? இதைக் கேளுங்கள்.

---

மணல்வீடு | செப்டம்பர் 9, மதியம் 1:20

வடக்குக்காற்று, உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். ஆனால் ஒரு இடத்தில் எனக்கு ஒப்பவில்லை.

//யார் வேண்டுமானாலும் ஒரு மதியத்தில் கட்டிவிடலாம்//

கட்டட்டுமே. நம் யோகாவை உலகம் முழுக்கச் செய்கிறார்கள். காசு வாங்கிக் கற்றுக்கொடுக்கிறார்கள், அதில் பாதிப் பேருக்குப் பதஞ்சலி யார் என்றே தெரியாது. நாம் யாரையாவது தடுத்தோமா? ஆவியில் உடம்பைச் சுத்தம் செய்வது மனித குலத்துக்கே பொது. பின்லாந்தில் சவுனா என்கிற ஆவிக்குளியல் அறையில்தான் பிள்ளை பெற்றார்கள், இறந்தவரையும் அங்கேதான் கழுவினார்கள். மெக்சிகோவில் ஒரு மாதிரி, ரஷ்யாவில் ஒரு மாதிரி. நீராவிக்கு யாரும் பட்டா போட முடியாது. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்று சொன்ன நாம் இன்னொருவர் வாசலில் நின்று நுழைவுச் சீட்டு கேட்கலாமா? இந்தத் தங்கச்சிக்கு மனசில் பாரம் இருக்கிறது. அது அங்கே இறங்கும் என்றால் போகட்டுமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

---

கொய்யாமரம் | செப்டம்பர் 9, மாலை 4:02

மெக்சிகோ பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். கணவரின் வேலைக்காக கெரெத்தாரோவில் ஆறு வருடம் இருந்தேன். அங்கே இதற்கு டெமாஸ்கால் என்று பெயர். நாவாட்டில் மொழியில் டெமாஸ்கல்லி என்றால் ஆவிவீடு. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய அடுப்பு மாதிரி சிறு குமிழ்வீடு.

மகள் பிறந்து ஒரு மாதம் போல் இருக்கும், பக்கத்து வீட்டுப் பாட்டி என்னைத் தன் கிராமத்துக்குக் கூட்டிப்போனார். அவர் மருத்துவச்சி. உள்ளே நானும் அவரும் மட்டும்தான். முதலில் என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். ஒரு மூலிகைக் கொத்தைக் கல்லின் ஆவியில் காட்டிக் காட்டி இடுப்பிலும் முதுகிலும் ஒற்றி எடுத்தார். சூடு மிதமாகத்தான் இருந்தது. பதினைந்து நிமிடத்தில் போதும் என்று கம்பளியைச் சுற்றி வெளியே படுக்க வைத்துவிட்டார். திருநெல்வேலியில் என் அக்காவுக்கு ஆச்சி நொச்சியும் வேப்பிலையும் போட்டு வேதுத் தண்ணீர் ஊற்றியது அப்படியே கண்முன் வந்தது. என்னை அறியாமல் அழுதுவிட்டேன். அவருக்கும் என் மொழி தெரியாது, எனக்கும் அவர் மொழி அரைகுறை. தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அதே ஊருக்கு வெளியே ரிசார்ட்டுகளிலும் டெமாஸ்கால் உண்டு. முப்பது பேரை ஏற்றி இறக்குகிறார்கள். அங்கே என் நாடியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

---

வடக்குக்காற்று | செப்டம்பர் 9, இரவு 10:31

மணல்வீடு, மனம் திறந்து கேட்டதற்கு நன்றி. நீராவிக்குப் பட்டா கிடையாது, முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அந்த ரிட்ரீட் சவுனா என்று எழுதி வைத்திருந்தால் இந்த இழையே வந்திருக்காது. பூர்வகுடிச் சடங்கு என்று பெயர் போட்டுத்தானே 180 டாலர் கேட்கிறார்கள்? விலை அந்தப் பெயருக்குத்தான்.

யோகாவோடு ஒப்பிடுவது ஏன் பொருந்தவில்லை என்று சொல்கிறேன். 1883இல் அமெரிக்க அரசு ‘இந்தியக் குற்றங்கள்’ என்றே ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தது. இந்தியர் என்று அவர்கள் சொன்னது பூர்வகுடிகளை. சூரிய நடனம் என்ற அவர்கள் வழிபாடு குற்றம். மருந்துச்சாமியார்கள் செய்கிற சடங்கு குற்றம். ரேஷன் நிறுத்துவார்கள், சிறையில் அடைப்பார்கள். பிள்ளைகளைப் பள்ளி விடுதிக்குக் கொண்டுபோய் முடியை வெட்டி, தாய்மொழி பேசினால் அடித்தார்கள். அந்த அக்காவின் பாட்டி காலத்தில் ஒளிந்து ஒளிந்துதான் இனிபி நடந்திருக்கிறது. பூர்வகுடிச் சமயச் சுதந்திரச் சட்டம் வந்தது 1978இல். நினைத்துப் பாருங்கள், நம்மில் பலர் பிறந்த காலம். பாட்டியைத் தண்டித்த காரியத்தை இன்று வேறொருவர் கட்டணம் போட்டு நடத்துகிறார், பேத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள். நம் யோகாவுக்கு இது நடக்கவில்லை.

அவர்கள் வாய்மூடி இருக்கவும் இல்லை. 1993இல் லக்கோட்டா, டகோட்டா, நகோட்டா மக்களின் பிரதிநிதிகள் கூடி, தங்கள் ஆன்மிகத்தை விற்பவர்களுக்கு எதிராகப் போர்ப் பிரகடனம் என்ற பெயரிலேயே தீர்மானம் போட்டார்கள். 2003இல் ஆர்வல் லுக்கிங் ஹார்ஸ் ஒரு அறிக்கை விட்டார். வெள்ளை எருமைக் கன்று என்ற பெயருள்ள புனிதச் சுங்கானை, அதாவது புகைக்குழாயை, வழிவழியாகக் காத்து வருபவர்களில் அவர் 19ஆவது தலைமுறை. இனிபி நடத்துபவர் தம் மொழியில் தாத்தாக்களோடு பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும், மலையில் தனித்திருந்து நோன்பு முடித்திருக்க வேண்டும், ஆண்டுக்கு நாலு நாள் வீதம் நாலு ஆண்டு சூரிய நடனம் நிறைவேற்றியிருக்க வேண்டும் என்றார். இதைக் கடந்து வந்தவர் கையில்தான் தண்ணீர்ச் சொம்பு.

‘யாவரும் கேளிர்’ எனக்கும் பிடித்த வரிதான். கேளிர் என்றால் உறவினர். உறவினர் வீட்டுக்கு அழைத்தால் போகிறோம், பந்தியில் உட்காருகிறோம். அவர்கள் வீட்டுச் சாமி அறையைப் பெயர்த்து வந்து நம் வீட்டு வாசலில் வைத்துச் சீட்டு விற்பதில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் பேர் பியூட் என்று ஒரு மலை இருக்கிறது. லக்கோட்டாக்களுக்கும், ஷயென் என்ற இன்னொரு பூர்வகுடிக்கும் புனிதமானது, ஆனால் அது மாநிலப் பூங்கா, யாரும் ஏறலாம். பாதை ஓரத்து மரங்களில் வேண்டுதல் துணிகள் கட்டியிருக்கும். சிவப்பு, மஞ்சள், கறுப்பு, வெள்ளை. நம் ஊர் அரச மரத்துத் தொட்டில் மாதிரியே. தொடாதீர்கள், படம் எடுக்காதீர்கள் என்று பலகை இருக்கும். நான் வருடத்துக்கு ஒருமுறையாவது ஏறுகிறேன். துணியைத் தொட்டதில்லை. அந்த மலை என்னை வரவேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

---

அய்யனார்குதிரை | செப்டம்பர் 10, காலை 7:48 (புதுக்கோட்டை)

நான் அமெரிக்கா பார்த்தவன் இல்லை. ஆனால் வடக்குக்காற்று ஐயா சொல்வது என் வயிற்றில் இறங்குகிறது.

எங்கள் ஊர்க் கோயில்காட்டில் அரிவாள் எடுத்துப் போகக் கூடாது. செருப்பு காட்டு எல்லையோடு சரி. காய்ந்து விழுந்த சுள்ளியைக்கூட அடுப்புக்கு எடுக்க மாட்டோம். புரவியெடுப்புக்கு முன்னால் ஊர் கூடிப் பிடிமண் எடுத்து வேளார் கையில் கொடுப்போம். அந்த மண்ணை வாங்கிய பிறகுதான் அவர் குதிரை செய்யத் தொடங்குவார். குதிரை செய்யும் நாள்களில் அவர் விரதம். சாமி வந்து ஆடுகிறவரை யார் தாங்கிப் பிடிப்பது, யார் தண்ணீர் தெளிப்பது, எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு, முறை உண்டு. என் சித்தப்பா முப்பது வருடமாகத் தாங்கிப் பிடிக்கிறவர். ஆடுகிறவர் கண்ணைப் பார்த்தே எப்போது மயங்குவார் என்று சொல்லிவிடுவார்.

இதே காட்டை எங்கேயோ ஒரு ரிசார்ட்டில் செட் போட்டு, நாலு மண் குதிரை நிறுத்தி, சாமியாட்டம் கற்றுத்தருகிறோம் என்று சீட்டுப் போட்டால்? ஆடுகிறவன் விழும்போது பிடிக்க என் சித்தப்பா அங்கே இருக்க மாட்டார். அதுதான் எனக்குப் பயம்.

---

மணல்வீடு | செப்டம்பர் 10, காலை 9:15

அய்யனார்குதிரை, இப்படி நான் யோசிக்கவில்லை. என் குலதெய்வமும் முனியாண்டிதான். சீட்டுப் பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். அந்தத் தங்கச்சியின் பாரத்துக்கு என்ன வழி என்பதைத்தான் இன்னும் யாரும் சொல்லவில்லை.

---

தாமரைக்குளம் | செப்டம்பர் 11, இரவு 8:37

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாளாக அலுவலகத்தில் இடைவேளை கிடைத்தால் இந்த இழையைத்தான் திறக்கிறேன்.

இன்று ரிட்ரீட்டுக்குப் போன் செய்து நீங்கள் சொன்ன கேள்விகளைக் கேட்டேன். பேசிய பெண் அன்பாகத்தான் பேசினார். தண்ணீர் ஊற்றுபவர் இரண்டு சனி ஞாயிறுகளில் நடந்த பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கியவராம். யாரிடம் என்று கேட்டேன், ஒரு ஆன்மிகப் பள்ளி என்றார். லக்கோட்டாவோ வேறு எந்தப் பூர்வகுடியோ அதில் உண்டா என்றேன், அதன் சாரத்தை எடுத்துச் செய்கிறோம் என்றார். எத்தனை பேர்? இருபத்தெட்டு. மேலே போர்த்தியிருப்பது? சூடு வெளியே போகாமல் இருக்கப் பிளாஸ்டிக் தார்ப்பாய். நடுவில் எழுந்து வரலாமா என்றதற்கு, “சுற்று முடிந்ததும் வரலாம், ஆனால் அந்தத் தயக்கத்தைத் தாண்டிப் போவதில்தான் மாற்றம் இருக்கிறது என்று ஊக்கப்படுத்துவோம்” என்றார்.

அதைக் கேட்டதும் இரவுப்பணி அக்கா எழுதியதுதான் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை இரவுப் பகுதியை ரத்து செய்துவிட்டேன். 180 டாலரில் பாதி திரும்ப வரும். மற்ற மூன்று தோழிகள் போவதாகத்தான் இருக்கிறார்கள். ஜிக்னா மட்டும் என்னோடு வெளியே இருக்கிறேன் என்கிறாள்.

வடக்குக்காற்று அண்ணா, இன்னொரு சந்தேகம். மாதவிலக்கு நாளில் பெண்கள் வரக் கூடாது என்று அவர்கள் படிவத்திலும் இருந்தது. அதுவும் நம் தீட்டு மாதிரிதானா?

---

வடக்குக்காற்று | செப்டம்பர் 11, இரவு 11:05

அந்த நாளில் வருவதில்லை என்பது அங்கேயும் உண்டு, ஆனால் காரணம் வேறு. நான் இதே கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அந்த நாள்களில் பெண்ணின் உடம்பு தன் தூய்மைச் சடங்கைத் தானே நடத்திக்கொண்டிருக்கிறது, அதன் வலிமை குடிலின் வலிமையை மிஞ்சிவிடும், அதனால் ஒதுங்கி இருக்கிறோம் என்றார் அக்கா. அவர் குடும்பத்தில் அப்படிச் சொல்கிறார்கள். இங்கே எல்லாப் பெண்களுக்கும் இதில் ஒரே கருத்து என்று சொல்ல மாட்டேன்.

மணல்வீடு கேட்டது நியாயம். லக்கோட்டாக்கள் இறந்தவருக்காக ஒரு வருடம் துக்கம் காப்பார்கள். அந்த வருடம் முடிந்ததும் கண்ணீரைத் துடைக்கும் சடங்கு என்று ஒன்று உண்டு. உறவுகள் கூடி, துக்கம் காத்தவருக்குத் தலைவாரி, தண்ணீர் கொடுத்து, சோறு ஊட்டி, இனி நீ எங்களோடு வா என்று அழைத்துக்கொள்வார்கள். நம் தலைத்திவசத்துக்கு எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். உங்களுக்கு அதுதான் கிடைக்காமல் போயிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதை முறையாகத் தெரிந்தவர்கள் நம்மவர்களே இந்த இழையில் இருப்பார்கள்.

---

ஊர்க்கிணறு | செப்டம்பர் 12, காலை 6:10 (ஈரோடு)

கண்ணு, எனக்கு அறுபத்தெட்டு வயசு. வாசிக்கிறதோடு சரி, எழுத மாட்டேன். இதுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

21ஆம் தேதி ஞாயிறு மகாளய அமாவாசை. பார்த்தாயா? போனவர்கள் எல்லாரும் வந்து நிற்கிற நாள். உன் தம்பி எந்த ஊரில் இருக்கிறான்? கரூர், ஈரோடு பக்கம் என்றால் கொடுமுடிக்குப் போகச் சொல். காவிரிக் கரையில் காலை ஆறு மணிக்கு உட்காரட்டும். இங்கே ஞாயிறு காலை ஆறு என்றால் உனக்குச் சனி இரவு எட்டரை. என் மகன் சிகாகோவில் இருப்பதால் இந்தக் கணக்கு எனக்கு அத்துப்படி, உன் ஊருக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் எள்ளும் தண்ணீரும் இறைக்கிற வழக்கம் இல்லை. அதைத் தம்பி செய்யட்டும். நீ முழுகு. ஓடை இருக்கிறது என்கிறாயே, ஓடுகிற தண்ணீர் எல்லாம் ஒன்றுதான். அவன் அங்கே முழுகுகிற நேரத்தில் நீ இங்கே தலையில் மூன்று முறை ஊற்றிக்கொள். அப்பா பேரைச் சொல். வந்து ஈரத்தோடு ஒரு அகல் ஏற்று. மறுநாள் காலையில் ஒரு பிடி சோற்றைக் காக்காய்க்கு வை. அந்த ஊரிலும் காக்காய் இருக்கும். வேறொன்றும் வேண்டாம். தாலியைக் கழற்ற வேண்டியதில்லை.

---

தாமரைக்குளம் | செப்டம்பர் 12, காலை 8:20

அம்மா, ஊர் கரூர்தான். அப்பாவுக்குக் கடைசிக் காரியமும் கொடுமுடியில்தான் நடந்தது. பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன். தம்பியிடம் பேசிவிட்டேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டான்.

---

இரவுப்பணி | செப்டம்பர் 12, மாலை 3:30

ஊர்க்கிணறு அம்மாவுக்கு என் வணக்கம். தங்கச்சி, நர்ஸ் புத்தி விடாது, சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் கடைசியில் அந்தப் பக்கத்து மலை ஓடை இரவில் சில்லென்று இருக்கும். கணுக்கால் அளவில் நின்று சொம்பால் மொண்டு ஊற்றினால் போதும், ஆழத்துக்குப் போகாதே. பாசிக்கல் வழுக்கும், ரப்பர் செருப்பு போட்டுக்கொள். தலையில் மாட்டுகிற டார்ச், இரண்டு பெரிய துண்டு, பிளாஸ்கில் சூடாகச் சுக்குக் காப்பி. ஜிக்னா கரையில் நிற்கட்டும்.

உள்ளே போகிற மூன்று தோழிகளுக்கும் இதை அனுப்பு: முதல் நாளிலிருந்தே நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும், கதவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும், மூவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பதில் குழறினால் சுற்று முடியக் காத்திருக்காமல் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும்.

---

தாமரைக்குளம் | செப்டம்பர் 21, இரவு 10:14

வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மரவீட்டு முற்றத்தில் மட்டும்தான் சிக்னல் இருந்தது, ஓடைக்கரையில் இல்லை. அதனால் தம்பியோடு முற்றத்திலேயே பேசி, சரியாக எட்டு நாற்பதுக்கு முழுகுவது என்று வைத்துக்கொண்டோம். அவன் காவிரிப் படியில் நின்று போனைத் திருப்பிக் காட்டினான். கூட்டம் நிறைய, விடிந்தும் விடியாத வெளிச்சம். அதன் பிறகு போனை வைத்துவிட்டு டார்ச்சோடு இறங்கினேன். ஜிக்னா கரையில் துண்டோடு நின்றாள். முதல் சொம்புக்கு மூச்சே நின்றுவிட்டது. அப்பா பேரைச் சத்தமாகச் சொன்னேன். காட்டில் யார் கேட்கப் போகிறார்கள்? இரண்டாவது, மூன்றாவது எப்படி ஊற்றினேன் என்று தெரியவில்லை. மறுகரையில் மரங்களுக்கு நடுவே அவர்கள் மூட்டிய நெருப்பு தெரிந்தது, பாட்டுச் சத்தமும் கேட்டது.

இன்று காலை மரப்பலகையில் சோறு வைத்தேன். இரண்டு நீலப் பறவைகள்தான் முதலில் வந்தன. கொஞ்சம் பொறுத்து ஒரு காகம் வந்தது.

---

இரவுப்பணி | செப்டம்பர் 21, இரவு 10:50

நிம்மதியாக இருக்கிறது, கண்ணு. தோழிகள் மூவரும் நலமா?

---

தாமரைக்குளம் | செப்டம்பர் 21, இரவு 11:02

நலம்தான் அக்கா. இரண்டு பேர் கடைசிவரை இருந்தார்கள், களைப்பு மட்டும்தான். ஒருத்தி இரண்டாவது சுற்றிலேயே எழுந்து வந்துவிட்டாள். பெயரைக் கூப்பிட்டபோது தனக்கே பதில் சொல்ல நேரமானது போல் இருந்ததாம். வெளியே தண்ணீர் கொடுக்க யாரும் இல்லை, அவளே நடந்து மரவீட்டுக்கு வந்தாள். நாங்கள் அப்போதுதான் ஓடையிலிருந்து ஏறி வந்திருந்தோம். மிச்சமிருந்த துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, விசிறிக்கொண்டே இருந்தோம். அரை மணியில் தெளிந்துவிட்டாள். நீங்கள் எழுதியது அவள் போனில் இருந்தது.